அம்மா வந்த வெளிநாடு

எங்கள் குடியிருப்பில் மாலையில் நடக்க வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் என் வயதை ஒட்டியவர்கள். நடப்பது கொஞ்சம், உட்கார்ந்து பேசுவது அதிகம். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். போன வாரம் நம்மில் ஒருவரின் மகள் இரண்டு சின்னக் குழந்தைகளோடு ஜெர்மனிக்குக் கிளம்பிப் போனாள். இங்கே ஓசூரில் கம்பெனியில் இருக்கும் மாப்பிள்ளைக்கு அங்கே மாற்றல். "குளிரு எப்பிடியோ, பாஷை எப்பிடியோ" என்று மகளைப் பெற்றவர் கவலைப்பட்டார். நாம் எல்லோரும் சேர்ந்து சொன்னோம்: "சின்னப் பிள்ளைங்கதானே, சீக்கிரம் பழகிக்கும்." நானும் சொன்னேன். வீட்டுக்கு வந்த பிறகு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பிள்ளைகள் பழகிக்கொள்வார்கள். அதில் எனக்குச் சந்தேகம் கிடையாது. நானும் அப்படிப் பழகிக்கொண்ட பிள்ளைதான். உங்களில் பலருக்குத் தெரியாது, நான் பிறந்தது பர்மாவில். அப்பாவுக்குக் கெலமங்கலம் பக்கம். அம்மா பர்மாக்காரி. ஐம்பதுகளின் ஆரம்பத்தில் என்னையும் தம்பியையும் கூட்டிக்கொண்டு அவள் ஒரு வெளிநாட்டுக்குக் குடிவந்தாள். நாம் சொந்த ஊர் என்று சொல்லிக்கொள்கிறோமே, இந்தப் பக்கம்தான் அந்த வெளிநாடு.

அப்பா இளவயதிலேயே கப்பலேறிப் போனவர். ஆற்றோரத்து அரிசி ஆலை ஒன்றில் பிட்டராக வேலை பார்த்தார். யுத்தத்தின்போது எத்தனையோ பேர் காட்டு வழியாக நடந்தே இந்தியாவுக்கு ஓடி வந்தார்கள். அப்பா வரவில்லை, அம்மா வீட்டார் அவரை ஒளித்து வைத்துக் காப்பாற்றினார்கள். பிறகு கல்யாணம், நான், தம்பி. அந்த நாட்டுக்குச் சுதந்திரம் வந்த பிறகு எங்கள் பக்கத்தில் உள்நாட்டுச் சண்டை மூண்டது. ஆலை மூடப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள் இனி இருக்க முடியாது என்று பேச்சு வந்தது. அப்பா ஊருக்குத் திரும்ப முடிவு செய்தார்.

அம்மாவை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. "அவர் போகட்டும், நீ பிள்ளைகளோடு இங்கேயே இரு" என்றுதான் அவள் வீட்டில் சொன்னார்கள். அவளுடைய தங்கை, என் சித்தி, துறைமுகத்தில் தம்பியை இடுப்பிலிருந்து இறக்கவே மறுத்தாள். "அங்கே உனக்கு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டாள். அம்மா எங்கள் இருவரையும் காட்டினாள். அவ்வளவுதான் பதில். அம்மா பர்மிய மொழியில் பேசியதையெல்லாம் நான் தமிழில்தான் எழுதுகிறேன். வேறு வழியில்லை.

கப்பலில் நாங்கள் மேல்தளத்துப் பயணிகள். பாய் விரித்த இடம்தான் வீடு. எண்ணெய்ப் புகையும் கருவாடும் வாந்தியும் கலந்த வாடை இன்றும் என் மூக்கில் இருக்கிறது. அம்மா சந்தோஷமாகத்தான் வந்தாள். அப்பா ஒவ்வொரு தமிழ் வார்த்தையாகச் சொல்லிக் கொடுப்பார், அவள் திருப்பிச் சொல்லிவிட்டுத் தானே சிரிப்பாள். "உங்கள் ஊரில் ஆறு உண்டா?" என்று கேட்டாள். "உண்டு, தென்பெண்ணை" என்றார் அப்பா. நீராவிப் படகுகள் ஓடும் ஐராவதியைப் பார்த்து வளர்ந்தவள், ஆறு என்றதும் வேறெதைக் கற்பனை செய்திருப்பாள்? மதராஸில் இறங்கி, ரயிலில் ஜோலார்பேட்டை வந்து, அங்கிருந்து பஸ்ஸில் கிருஷ்ணகிரி வந்தோம். அதற்கும் அப்பால் போனபோது அவள் ஜன்னலோரம் உட்கார்ந்து எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"ஆறு எங்கே?"

"இப்போதுதான் தாண்டினோம்" என்றார் அப்பா. சித்திரை மாதம் அது. மணலைத்தான் தாண்டியிருந்தோம்.

அந்த பஸ்ஸில் ஏறும் முன்னால் கிருஷ்ணகிரியில் அப்பா ஒரு புடவை வாங்கினார். அதுவரை அம்மா அவள் ஊர் லுங்கியும் ரவிக்கையும்தான் உடுத்தி வந்தாள், ஸ்டாண்டில் கூட்டம் கூடிவிட்டது. வேர்க்கடலை விற்ற ஒரு அம்மாள் எழுந்து வந்து, "ஏஞ் சாமி, இந்தப் புள்ளைய இப்பிடியே ஊருக்குள்ள கூட்டிட்டுப் போவாத" என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஒரு சுவருக்குப் பின்னால் அழைத்துப் போய்ப் புடவை கட்டிவிட்டாள். அம்மா வெளியே வந்தாள். கொசுவத்தை ஒரு கையில் இறுகப் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடப்பவள்போல அடி எடுத்து வைத்தாள். அந்த லுங்கியைச் சுருட்டி அப்பா பெட்டிக்குள் போட்டார்.

கெலமங்கலத்திலிருந்து மாட்டு வண்டியில் போகிற தூரத்தில் பெரியப்பாவின் ஊர். அப்பாவின் அண்ணன். கேழ்வரகும் அவரையும் கொள்ளும் போடுகிற மானாவாரிக் காடு அவருக்கு இருந்தது. பெரியம்மாவுக்குக் குழந்தை இல்லை. வண்டியிலிருந்து இறங்கிய எங்களைப் பெரியப்பா ஒவ்வொருவராகப் பார்த்தார். தம்பியின் கன்னத்தைத் தொட்டார். பிறகு அப்பாவைத் தனியே கூப்பிட்டுக் கேட்டது எல்லோர் காதிலும் விழுந்தது.

"என்ன ஜாதிடா?"

"அங்க ஜாதி கெடையாதுண்ணா. புத்தர் சாமியக் கும்பிடுறவங்க."

"ஜாதி இல்லாத ஊரு எங்க இருக்குது?" என்றார் பெரியப்பா. கோபமாகச் சொல்லவில்லை. அவருக்கு நிஜமாகவே புரியவில்லை. அன்றிலிருந்து அம்மாவுக்குத் தனித் தட்டு, தனிச் சொம்பு. பர்மாவிலிருந்து கொண்டுவந்த நீலப் பூப்போட்ட எனாமல் தட்டு அவளிடம் இருந்தது, அதுவே அவளுடையதானது. அவள் பெயரை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் அவர்கள் வாயில் நின்றிருக்காது. ஊர் முழுக்க "பர்மாக்காரி" என்றே கூப்பிட்டார்கள்.

முதல் நாள் சாப்பாடு களி. கேழ்வரகுக் களியை மெல்லக்கூடாது, கொள்ளுச் சாற்றில் புரட்டி அப்படியே விழுங்க வேண்டும். இது நமக்குத் தெரியும், அவளுக்கு யார் சொல்வது? அம்மா வாயில் போட்டு மென்றாள். பல்லெல்லாம் அப்பிக்கொண்டது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் கண்ணில் நீர் வர அவள் எங்களைப் பார்த்தாள். சுற்றி நின்ற பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அம்மாவும் சிரிக்கப் பார்த்தாள், வாய் திறக்கவில்லை.

அவள் பெட்டியில் ஒரு மண் ஜாடி இருந்தது. மீனை உப்பிட்டு ஊறவைத்து அரைத்த விழுது, அவர்கள் ஊரில் அது இல்லாமல் சோறு கிடையாது. மறுநாள் பெரியம்மா மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டு, "அய்யோ, எதுவோ செத்துக் கெடக்குது" என்று ஜாடியோடு எருக்குழியில் போட்டுவிட்டாள். பெரியம்மா கெட்டவள் இல்லை. எங்களுக்கு நல்லது செய்ததாகவே நினைத்தாள். அம்மா எருக்குழிப் பக்கம் போய் நின்றாள். பிறகு திரும்பி வந்தாள்.

அப்பா சில நாள்தான் இருந்தார். அவருக்குத் தெரிந்த வேலை இயந்திர வேலை, அந்தக் காலத்தில் இந்தப் பக்கம் இயந்திரம் ஏது? பெங்களூரில் ஒரு நூல் மில்லில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுக் கிளம்பினார். "ரூமு கெடைச்சதும் வந்து கூட்டிட்டுப் போறேன். அதுவரைக்கும் நம்ம சனங்களோட இருங்க. சிட்டில இவளுக்கு யாரத் தெரியும்?" என்றார். சனம் இருக்கும் இடத்தில் விட்டால் தனிமை இருக்காது என்பது அவர் கணக்கு. போகும் முன்னால் எங்கள் மூவரையும் உட்கார வைத்து ஒரு சட்டமும் போட்டார். இனிமேல் வீட்டில் பர்மிய மொழி கூடாது. அப்போதுதான் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் தேறும், அம்மாவுக்கும் தமிழ் சீக்கிரம் வரும். இதை அவர் பர்மிய மொழியில்தான் சொன்னார். அம்மாவுக்கு வேறெதில் சொல்ல முடியும்?

அம்மா தலையாட்டினாள். எங்களைவிட அவள்தான் அந்தச் சட்டத்தைக் கறாராகக் கடைப்பிடித்தாள்.

தம்பிக்கு அப்போது நாலு வயது இருக்கும். அவர்கள் மொழியில் அக்காவை 'மாமா' என்று கூப்பிடுவார்கள். அவன் தெருவில் என் பின்னால் "மாமா, மாமா" என்று ஓடிவந்ததைப் பார்த்து ஊரே சிரித்தது. "ஏன்டா, இது உனக்கு மாமாவா? மீசை எங்கடா?" என்று பெண்கள் அவனைப் பிடித்து நிறுத்திக் கேட்பார்கள். நான் அழுதேன். கொஞ்ச நாளில் அவன் "அக்கா" என்று மாறிக்கொண்டான். எனக்கு அது அன்றைக்குப் பெரிய நிம்மதி.

இங்கே ஒரே மொழி இருந்திருந்தால் அம்மா கற்றிருப்பாள். பெரியப்பா வீட்டில் தமிழ். பக்கத்து வீட்டில் தெலுங்கு. காட்டு வேலைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் கன்னடம். நம் ஆட்கள் ஒரே பேச்சில் மூன்றுக்கும் தாவித் தாவிப் போவார்கள், அது நமக்கு மூச்சு விடுகிற மாதிரி. அம்மாவுக்கோ எந்த வார்த்தை எந்த வீட்டுக்குச் சொந்தம் என்று பிடிபடவே இல்லை. தண்ணீர் கேட்க வேண்டுமென்றால், ஏதாவது ஒன்று சரியாக இருக்கட்டும் என்று, "தண்ணி, நீள்ளு, நீரு" என்று மூன்றையும் வரிசையாகச் சொல்வாள். அதையும் விளையாட்டாக்கிவிட்டார்கள். தெருப் பிள்ளைகள் அவளைக் கண்டால் "தண்ணி நீள்ளு நீரு" என்று பாடுவார்கள். அவள் நின்று, தன்னிடம் தண்ணீர் கேட்கிறார்கள் என்று நினைத்து, குடத்தைச் சாய்த்து ஊற்றுவாள்.

ஒரே ஒரு நல்ல நாளை நான் மறக்கமாட்டேன். கெலமங்கலம் சந்தைக்குப் பெரியம்மா எங்களைக் கூட்டிப் போயிருந்தாள். புளி மூட்டைகளுக்கு நடுவே ஒரு கிழவர் கீரைக்கட்டுகளைப் பரப்பியிருந்தார். அம்மா திடீரென்று என் கையை உதறிவிட்டு ஓடினாள். சிவந்த தண்டு, விரல்போலப் பிரிந்த இலை. புளிச்சக்கீரை. ஒரு கட்டை எடுத்து முகத்தோடு அழுத்திக்கொண்டாள். ஓர் இலையைக் கிள்ளி வாயில் போட்டாள். பிறகு சந்தை நடுவில் சத்தம் போட்டு அழுதாள். அவர்கள் ஊரில் வீட்டுக்கு வீடு அந்தக் கீரை உண்டு. இங்கே வந்து அவளுக்குத் தெரிந்த முதல் முகம் அதுதான்.

பெரியம்மா அவளைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இது உங்க ஊருல கூட இருக்குதா?" என்று தமிழில் கேட்டாள். அம்மாவுக்குப் புரிந்ததோ இல்லையோ, கட்டை நீட்டிக் காட்டி வேகமாகத் தலையாட்டினாள். அன்று மாலை அம்மா முதல்முறையாக அந்த அடுப்பில் சமைத்தாள். வெங்காயமும் மிளகாயும் பூண்டும் போட்டு வதக்கி எண்ணெய் மிதக்க இறக்கினாள். பெரியம்மா முதலில் விரல் நுனியில் தொட்டுப் பார்த்தாள். பிறகு களியை உருட்டிச் சட்டிக்குள்ளேயே புரட்டினாள். அம்மாவின் சட்டி. அதன் பிறகு தனிச் சொம்பு என்னவாயிற்று என்று எனக்கு நினைவில்லை. எப்போதோ அது இல்லாமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு இரண்டு பேரும் சேர்ந்தே வேலை செய்வார்கள். அவரைக்காய் உரிக்கும்போது, பெரியம்மா தமிழில் தன் குறைகளையெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பாள், குழந்தை தங்காமல் போனது, பெரியப்பா ஒரு வார்த்தை பேசாமல் திரிந்த வருஷம், எல்லாம். புரியாத ஆளிடம் சொல்வது அவளுக்கு வசதியாக இருந்திருக்க வேண்டும். அம்மா ஆங்காங்கே "ம்" என்பாள். சில சமயம் அம்மாவும் தன் மொழியில் தணிந்த குரலில் ஏதோ சொல்வாள். பெரியம்மா அதற்கு "ம்" என்பாள். அப்பாவின் சட்டம் அந்த ஓர் இடத்தில் மட்டும் தளர்ந்திருந்தது.

நாங்கள் எவ்வளவு வேகமாக மாறினோம் என்பதைச் சொல்ல வேண்டும். மழைக்காலம் முடிவதற்குள் நான் பள்ளிக்கூடத்தில் தமிழ்ப் பாடத்தை உரக்கப் படித்தேன். தம்பி மூன்று பாஷையிலும் சண்டை போட்டான். ஒருநாள் வண்டிச் சக்கரத்தின் மேலிருந்து விழுந்து முழங்கால் கிழிந்து, அழுதுகொண்டே வீட்டுக்கு ஓடிவந்தான். வாசலில் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைப் போட்டுவிட்டு இரண்டு கையையும் நீட்டினாள். அவன் அவளைத் தாண்டி உள்ளே ஓடி, "பெரிம்மா, வலிக்குது! பெரிம்மா!" என்று பெரியம்மாவின் மடியில் விழுந்தான். எங்கே வலிக்கிறது, எப்படி விழுந்தான், யார் தள்ளியது எல்லாவற்றையும் சொல்லி அழ வேண்டுமே, அம்மாவிடம் அதை எந்தப் பாஷையில் சொல்வான்? அம்மா நீட்டிய கைகளை மடக்கி, சிதறிய கேழ்வரகைக் கூட்டி அள்ளினாள்.

குளிர் தொடங்கியபோது அவள் மெலிந்தாள். இப்போதைய ஓசூர்க் குளிரை நினைக்காதீர்கள். அன்றைக்கு மூடுபனி பொழுது ஏறியும் விலகாது. அம்மா விடியலிலேயே கிணற்றடிக்குப் போய்த் தனியாகத் துணி அலசுவாள். நடக்கும்போது சுவரைப் பிடித்துக்கொள்வாள். பெரியம்மா எதையோ கவனித்துவிட்டு, ஒருநாள் என்னைப் பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்று நிறுத்தினாள். "பாப்பா, நீ கூட வரணும். உங்கம்மா சொல்றத டாக்டருகிட்ட எடுத்துச் சொல்ல ஆளு வேணுமில்ல?" என்றாள். மூன்று பேரும் பஸ்ஸில் பக்கத்து ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனோம்.

டாக்டர் நல்ல மாதிரியான மனிதர்தான். கூட்டம் அதிகம். எங்களுக்குப் பின்னால் ஆண்களும் பெண்களுமாக வரிசை நின்றது. பக்கத்தில் கம்பவுண்டர். "என்ன பண்ணுது?" என்று டாக்டர் கேட்டார். பெரியம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு என் காதில் குனிந்தாள். "ரத்தம் போறது நிக்கவே மாட்டேங்குதான்னு கேளு."

ரத்தம் என்பதற்கு அவள் மொழியில் என்ன என்று எனக்குத் தெரியும். விழுந்து அடிபட்டால் சொல்வதுதானே. கேட்டேன். "அம்மா, உனக்கு எங்கே ரத்தம் வருகிறது?"

அம்மா திடுக்கிட்டுப் பெரியம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். நான் ஒன்பது வயதுப் பெண், இரண்டு ஜடை, ஸ்லேட்டுக்குச்சிப் பொடி ஒட்டிய பாவாடை. என் நெற்றியில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டாள். "மனாபூ" என்றாள். நோவில்லை என்று அர்த்தம். நான் மறுபடியும் கேட்டேன். "நோவில்லை என்று சொல். களைப்பு மட்டும்தான் என்று சொல்" என்றாள்.

"வலிக்கலயாம் சார். அசதிதானாம்" என்றேன்.

"அது இல்லீங்க ஐயா…" என்று பெரியம்மா ஆரம்பித்தாள். கம்பவுண்டர் நிமிர்ந்து பார்த்தான். வரிசையில் இருந்த ஓர் ஆள் முன்னால் நகர்ந்து வந்து காதைக் கொடுத்தான். பெரியம்மா மறுபடியும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "சத்து இல்ல. டானிக் தர்றேன்" என்று டாக்டர் சீட்டு எழுதினார். சிவப்பு டானிக் பாட்டிலோடு திரும்பினோம். பஸ்ஸில் இடம் இருந்தும் அம்மா என்னை மடியில் உட்கார வைத்துக்கொண்டாள். அவ்வளவு பெரிய பெண்ணை மடியில் வைத்திருக்கிறாளே என்று எனக்கு வெட்கமாக இருந்தது.

எனக்குப் பெண் பிறந்து, அவளுக்கும் ஒன்பது வயதான போதுதான் அந்த நாள் எனக்கு முழுதாகப் புரிந்தது. அந்தச் சேதி ஒரு குழந்தையின் வாய் வழியாகத்தான் போயாக வேண்டும் என்றால், அது போகவே வேண்டாம் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

அதன் பிறகு அவள் செய்த ஒரு காரியத்தை ஊரில் எல்லோரும் தப்பாக எடுத்துக்கொண்டார்கள். தம்பியைத் தன்னிடமிருந்து தள்ள ஆரம்பித்தாள். படுக்கும் நேரத்தில் அவன் பக்கத்தில் வந்தால் எழுப்பிப் பெரியம்மாவின் பாய்க்குக் கொண்டுபோய் விடுவாள். சோறு ஊட்டச் சொன்னால் கிண்ணத்தைப் பெரியம்மா கையில் கொடுப்பாள். அவன் அழுதால் வெளியே எழுந்து போய்விடுவாள். பெரியப்பா ஒருநாள் வாய்விட்டே சொன்னார்: "என்ன சென்மமோ. பெத்த புள்ளைய வேண்டாங்குறா. அவங்க ஊருல இப்பிடித்தான் போல."

பெரியம்மா மட்டும், "நீங்க சும்மா இருங்க" என்றாள். அம்மா அவனை யாரிடம் பழக்குகிறாள், ஏன் என்பது அவளுக்கு அப்போதே தெரிந்திருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

அப்பா மாதம் ஒரு தடவை வருவார். அன்றைக்கு மட்டும் அம்மா தலைவாரிப் பூ வைத்து, கன்னத்தில் பூசும் மரப்பட்டைச் சாந்தைக் கல்லில் இழைத்து மெல்லிசாகத் தடவிக்கொள்வாள். முகத்தின் வெளுப்பு அதில் மறைந்துவிடும். "தமிழு நல்லாப் பேசுறாளா?" என்று அப்பா கேட்பார். "பேசுறேன்" என்பாள் அம்மா. "அடுத்த மாசம் ரூமு நிச்சயம்" என்பார். அவள் "சரிங்க" என்பாள். அவ்வளவு சுத்தமாக அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக் கற்றிருந்தாள்.

தை மாதம், அவரைக்காய் வாசனை காடெங்கும் வீசிய நாளில், அவள் கிணற்றடியில் விழுந்தாள். தூக்கி வந்து கிடத்தினார்கள். நாட்டு வைத்தியர் வந்து பார்த்துவிட்டுப் பெரியப்பாவை வெளியே அழைத்துப் போனார். பெங்களூருக்கு ஆள் போனது. ஜுரம் ஏற ஏற அவளிடமிருந்து தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒவ்வொன்றாகப் போயின. அவள் பாஷை மட்டும் மிஞ்சியது. இடைவிடாமல் பேசினாள். எனக்குப் பாதி புரிந்தது. யாரையோ படகை நிறுத்தச் சொன்னாள். துணி காய்கிறது, மழை வருகிறது என்றாள். தம்பி கதவோரம் நின்று, "அம்மா என்ன பேசுது?" என்று பெரியம்மாவைக் கேட்டான்.

மறுநாள் மத்தியானம் அப்பா வந்து சேர்ந்தார். ரூம் கிடைத்துவிட்டது என்று சொல்லிக்கொண்டேதான் உள்ளே நுழைந்தார். அம்மாவுக்கு அவரை அடையாளம் தெரியவில்லை. என் சித்தியின் பெயரைச் சொல்லி, "வந்துவிட்டாயா? ஏன் இவ்வளவு நேரம்?" என்று கேட்டாள். அப்பா அவள் தலைமாட்டில் உட்கார்ந்து, எல்லோர் முன்னாலும், உரத்த குரலில், அந்த மொழியில் சொன்னார்: "வந்துவிட்டேன் அக்கா. படகு தாமதம்."

"பிள்ளைகளைப் பார்த்தாயா?"

"பார்த்தேன். நன்றாக வளர்ந்திருக்கிறார்கள்."

"உன்னோடு பேசுவார்களா?"

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து வாயில் அடைத்துக்கொண்டார். பொழுது சாயும் முன்பே அம்மா போய்விட்டாள்.

எப்படி அடக்கம் செய்வது என்று பெரியவர்கள் வெகுநேரம் பேசினார்கள். அவள் சாமிக்கு என்ன முறை என்று யாருக்கும் தெரியாது. கடைசியில் பெரியப்பாதான், "என் தம்பி பொண்டாட்டி, என் காட்டுலயே இருக்கட்டும்" என்றார். கிழக்கு மூலையில் குழி வெட்டினார்கள். பெரியம்மா பெட்டியைத் திறந்து அந்த லுங்கியைத் தேடி எடுத்து, புடவையை அவிழ்த்துவிட்டு அதைத்தான் கட்டிவிட்டாள். அந்தக் காடு இப்போது இல்லை. அந்த மூலை வழியாக ஒரு தொழிற்சாலையின் சுற்றுச்சுவர் போகிறது. உள்ளே போக எனக்கு அனுமதி இல்லை.

அப்பா காரியம் முடிந்ததும் பெங்களூருக்குத் திரும்பினார். எங்களை அழைத்துப் போகவில்லை. அந்த ரூமைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டதாகப் பிறகு சொன்னார். அவர் போன அன்றும் மறுநாளும் நான் சாப்பிடவில்லை. கொல்லைப்புறத்து ஆமணக்குச் செடிகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டேன். பெரியப்பா கூப்பிட்டுப் பார்த்தார். பக்கத்து வீட்டார் தெலுங்கில் கெஞ்சிப் பார்த்தார்கள். தம்பியும் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

அப்போது பெரியம்மா சமையலறைக் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். கையில் சோற்றுக் கிண்ணம். எங்களுக்காக அரிசி பொங்கியிருந்தாள். சற்றுத் தயங்கினாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, "தமின் லா சா" என்று கூப்பிட்டாள்.

சோறு சாப்பிட வா என்று அர்த்தம். பெரியம்மாவின் நாக்கில் அந்தச் சொற்கள் வளைந்து நெளிந்து வந்தன. அவர்கள் மொழியில் ஏற்ற இறக்கம் மாறினால் அர்த்தமே மாறிவிடும். ஆனாலும் எனக்குப் புரிந்தது. அவரைக்காய் உரிக்கும் வேளைகளில் அவள் "ம்" கொட்டியதெல்லாம் வெறும் "ம்" இல்லை என்றும் புரிந்தது. நான் தலை நிமிர்ந்தேன்.

தம்பி என் கையை இழுத்தான். "அக்கா, பெரிம்மா என்ன சொல்லுது?"

"சோறு தின்ன வரச் சொல்லுது."

அவன் பெரியம்மாவைப் பார்த்தான். அவனுக்கு அது பெரியம்மா வேடிக்கைக்குப் போடும் ஒரு சத்தம். அத்தனை நாளுக்குப் பிறகு முதல்முறையாகக் கலகலவென்று சிரித்தான். எழுந்து ஓடி அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"இன்னொரு தடவ சொல்லு பெரிம்மா!"

பெரியம்மா என்னைப் பார்த்துக்கொண்டே இன்னொரு தடவை சொன்னாள். அவன் மறுபடியும் சிரித்தான். கேட்கக் கேட்க, கிண்ணத்துச் சோறு ஆறிப்போகும் வரை, அவள் சொல்லிக்கொண்டே நின்றாள்.